ஈ, தா, கொடு, போடு: தமிழ்நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் சொல்வழக்கும் உரிமைக் கருத்தும்

ஆய்வுச்சுருக்கம்

முதியோர் ஓய்வூதியம், பொது விநியோகம், மகளிர் உரிமைத் தொகை ஆகியவற்றுக்கு அரசு இடும் பெயர்கள் ஒரு தடத்திலும், அவற்றைப் பெறுவோர் கேட்கும்போது ஆளும் வினைகள் வேறொரு தடத்திலும் செல்கின்றன. ஒரு நலத்திட்டம் உதவியாக உள்ளதா, உரிமையாக உள்ளதா என்பதை அதன் பெயரைக் கொண்டு அறிவதைவிட, அதனைக் கேட்கும் வாக்கியத்தின் அமைப்பைக் கொண்டு அறிவதே பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியம் கூறும் இரவின் கிளவி இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரவின் கிளவி, உதவித்தொகை, ஓய்வூதியம், ஒப்புரவு, உரிமைத் தொகை, மனு.

முன்னுரை

ஒன்றைக் கேட்பதற்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரவின் கிளவி எனத் தொகுத்து, அவற்றுள் ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என வகுக்கிறது. நன்னூலும் இம்முறையைப் பின்பற்றுகிறது. கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்பவனின் நிலையே வினையைத் தீர்மானிக்கிறது. உயர்ந்தோன் கொடு என்று கேட்பதற்குத் தொல்காப்பியர் தரும் விளக்கம் மேலும் நுட்பமானது. கொடு என்பது படர்க்கைக்குரிய சொல்லாயினும், தன்னைப் பிறன்போல் கூறும் குறிப்பில் அது தன்னிடத்தும் வரும் என்கிறார். உயர்ந்தோன், தனக்கே கேட்கும்போதும் வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்கிறான். ‘எனக்கு’ என்று வாய்விட்டுக் கேட்கும் தாழ்வை இலக்கணமே அவனுக்குத் தவிர்த்துக் கொடுக்கிறது.

இந்நூற்பாக்கள் பெரும்பாலும் சொற்பொருள் வேறுபாட்டுக்குரிய எடுத்துக்காட்டாகப் பாடம் சொல்லப்பட்டுக் கடக்கப்படுகின்றன. அவை ஒரு சமூகச் செய்தியையும் உடன் சொல்கின்றன: கேட்கும் வினையைக் கண்டால், கேட்பவர் தம்மை எந்நிலையில் வைத்துக் கேட்கிறார் என்பதை அறியலாம். பொருளாதாரப் பாதுகாப்பை ஆராய்வோர் தொகையின் அளவையும் பயனாளிகளின் எண்ணிக்கையையும் அளக்கின்றனர். அவை அளக்கப்பட வேண்டியவையே. ஆயினும் மாதம் 1,200 ரூபாய் பெறும் முதியவர் ஒருவர், அடுத்த மாதமும் அது வரும் என நம்பி உறங்குகிறாரா, அஞ்சி உறங்குகிறாரா என்பதை அவ்வெண்கள் சொல்வதில்லை. அவர் பேசும் தமிழ் சிறிதளவு சொல்கிறது. தமிழ்த்துறை சார்ந்த ஓர் ஆய்வு, சமூகநலக் கொள்கை குறித்துச் சொல்லக்கூடியது இவ்விடத்தில்தான் உள்ளது எனக் கருதுகிறேன்.

ஒரே பணம், இரு பெயர்

சென்னை மாநிலத்தில் முதியோர்க்கான திட்டம் 1962ஆம் ஆண்டு, மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. பின்னர் ஆதரவற்ற விதவையர், விவசாயத் தொழிலாளர், கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் எனத் தனித்தனித் திட்டங்கள் சேர்ந்தன. 1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் முதியோர்க்கு மத்திய அரசு தரும் பங்கு, 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதைக் கடந்தால் 500 ரூபாய். எஞ்சியதை மாநில அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2011இல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

இத்தொகைக்கு அரசுத் தமிழில் இரு பெயர்கள் உள்ளன. திட்டத்தின் பெயர்ப்பட்டியலில் அது ‘முதியோர் ஓய்வூதியம்’. அறிவிப்புகளிலும் விழா மேடைகளிலும் அது பெரும்பாலும் ‘முதியோர் உதவித்தொகை’. இரண்டும் ஒரே பணத்தைக் குறிப்பவை. ஆனால் இரு பெயர்களின் பொருட்புலம் ஒன்றன்று.

ஊதியம் என்பது திருக்குறளில் பயன், ஆதாயம் என்னும் பொருளில் வழங்குகிறது. இக்காலத்தில் உழைப்புக்குரிய கூலியைச் சுட்டுகிறது. எனவே ஓய்வூதியம் என்ற தொகை, முன்பு உழைத்ததன் தொடர்ச்சியாக ஓய்வுக் காலத்தில் சேரும் பயன் என்னும் பொருளைத் தன்னுள் கொண்டுள்ளது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் அருட்கொடையும் அன்று, தருபவரின் விருப்பத்தைப் பொறுத்த கருணையும் அன்று என்ற கருத்தை உறுதி செய்தது. அவ்வழக்கு அரசு ஊழியர்க்கானது. வயல் வேலையிலும் செங்கல் சூளையிலும் ஐம்பதாண்டு உழைத்தவரின் ஓய்வூதியத்துக்கு அத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சொல் ஒன்றே என்பதால், அச்சொல்லின் கண்ணியத்தில் ஒரு பங்கு இவரையும் வந்தடைய இடமிருந்தது.

உதவி என்னும் சொல்லின் வழி வேறு. திருக்குறளில் அச்சொல் செறிந்து வருமிடம் செய்ந்நன்றியறிதல் அதிகாரம். உதவியை அடுத்து நன்றி வருகிறது. நன்றியை மறத்தல் உய்வில்லாக் குற்றமாகிறது. வள்ளுவர் உதவி செய்தவரை நன்றி கேட்கச் சொல்லவில்லை என்பதும் உண்மை. நன்றிக்கடன் பெற்றவர் மீதே வைக்கப்படுகிறது. ஓர் அரசு தன் குடிமகனுக்குத் தருவதை உதவி என்று பெயரிடும்போது, இக்கடனும் அதனுடன் சேர்த்தே அனுப்பப்படுகிறது. தேர்தல் காலத்தில் அது எவ்வடிவில் நினைவூட்டப்படுகிறது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு சொல் மட்டும் நிலையைத் தீர்மானித்துவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பெறுவதும் உதவித்தொகைதான். அது இரண்டு மாதம் தாமதமானால், ‘ஏன் இன்னும் வரவில்லை?’ என்று துறை அலுவலகத்தில் கேட்க நாங்கள் தயங்குவதில்லை. பெயர் ஒன்றாயினும் கேட்கும் வாக்கியம் வேறாகிறது. ஆகவே பெயரை விட்டு வாக்கியத்துக்கு வருவோம்.

மனுவின் தமிழ்

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. அலுவலக வாயிலில் மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ மனு எழுதித் தருவோர் அமர்ந்திருப்பர். அவர்கள் எழுதும் தமிழ்நடைக்கு இதுவரை உரிய கவனம் கிடைக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம் என்று தொடங்கி, மேற்படி முகவரியில் வசித்து வருவது, வயது, உடல்நலிவு, வருவாயின்மை ஆகியவை வரிசையாகச் சொல்லப்பட்டு, ‘எனக்கு வேறு எந்த ஆதரவும் இல்லை’ என்ற தொடரை அடைந்து, ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து வழங்கி உதவுமாறு தாழ்மையுடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்’ என முடியும். சிற்சில வேறுபாடுகளுடன் எம்மாவட்டத்திலும் காணத்தக்க வாய்பாடு இது.

இதன் இறுதித்தொடரில் வழங்கு, உதவு, வேண்டு, கேள், கொள் என வினைகள் அடுக்கி நிற்கின்றன. ஈ என்னும் வினை இல்லை. ஈ இன்று பேச்சுவழக்கில் இல்லாமலே போயிற்று. ஆனால் அது நின்ற இடம் வெற்றிடமாகவில்லை. கருணை, தாழ்மை, பணிவு என்னும் அடைகள் அவ்விடத்தை நிரப்பியுள்ளன. இழிந்தோன் கூற்று என்று தொல்காப்பியர் ஒரே எழுத்தில் காட்டிய நிலையைக் காட்ட, இக்கால மனுவுக்கு ஒரு முழுவரி தேவைப்படுகிறது.

இங்கு ‘வேண்டு’ என்னும் வினை தனிக் கவனத்துக்குரியது. ‘ஓய்வூதியம் வேண்டும்’ என்பதும் ‘ஓய்வூதியம் வேண்டுகிறேன்’ என்பதும் ஒரே வேரின. முன்னதில் ஓய்வூதியம் தேவையாக, இன்றியமையாததாக நிற்கிறது. வேண்டுபவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பின்னதில் வேண்டுபவர் எழுவாயாகி, இறைஞ்சுபவராகிறார். கோயிலில் வேண்டிக்கொள்வதும் இவ்வினையாலேயே. விகுதி மாற்றத்தில் தேவை வேண்டுதலாகிவிடுகிறது.

பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது என் பாட்டிக்கு இம்மனுவை நானே எழுதினேன். ‘எனக்கு முதியோர் ஓய்வூதியம் வேண்டும்’ என்று முடித்திருந்தேன். வட்டாட்சியர் அலுவலக வாயிலில் மனு எழுதும் பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, எனக்கு எழுதத் தெரியவில்லை என்று வருந்தி, கடைசி வரியை அடித்து மேற்சொன்ன வாய்பாட்டை எழுதித் தந்தார், காசும் வாங்கவில்லை. பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தாழ்மையும் கருணையும் அவரை உறுத்தவில்லை. ‘எனக்கு வேறு எந்த ஆதரவும் இல்லை’ என்ற வரியில் நிறுத்தச் சொன்னார். “பிள்ள இருக்கையில நான் எப்படிக் கண்ணு யாருமில்லன்னு கைநாட்டு வைப்பேன்? அவன் காதுக்குப் போனா என்ன நெனப்பான்?” என்றார். அந்த வரி இல்லாமல் மனு ஏற்கப்படாது என்று உள்ளிருந்தவர்களும் சொன்னார்கள். பாட்டி கைநாட்டு வைக்கவில்லை. என் சிற்றப்பா அப்போது சுமைதூக்கும் வேலையில் இருந்தார். வேலை கிடைத்த நாளில் பணம் தருவார், கிடைக்காத நாளில் வீட்டுப்பக்கம் வரமாட்டார்.

இதைத் தனிமனித நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. ‘ஆதரவற்ற’ என்னும் அடை எவ்வகை மெய்ம்மையைக் கோருகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன். வயது என்பது சான்றிதழால் நிறுவக்கூடியது. வருவாயையும் ஏறக்குறைய நிறுவலாம். ஆதரவின்மையோ உறவைப் பற்றிய கூற்று. அதைச் சொல்பவர் தம் மகனைப் பற்றி ஓர் அறிக்கை விடுகிறார். ஆதரவு இருந்து போதாமல் இருக்கும் பெருவாரியான முதியோர்க்கு இச்சொல்லில் இடமில்லை. அவர்கள் ஒன்று பொய் சொல்ல வேண்டும், அல்லது பணத்தை இழக்க வேண்டும்.

போடு, வா, ஏறு

இதே பாட்டி ரேஷன் கடையில் பேசிய தமிழ் முற்றிலும் வேறு. ‘இந்த மாசம் ஏன் பருப்பு போடல?’ என்று வரிசை முழுவதும் கேட்கக் குரலுயர்த்திக் கேட்பார். விற்பனையாளர் சரக்கு வரவில்லை என்று விளக்கம் சொல்வார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கைகட்டி நின்றவரும் அவரே.

தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளைக் குறித்த பேச்சில் ‘போடு’ என்பதே வினை. அரிசி போடுகிறார்கள், மண்ணெண்ணெய் போட்டாயிற்றா, பருப்பு போடவில்லை என்றே எங்கும் கேட்கலாம். இரவின் கிளவி மூன்றில் எதுவும் இங்கில்லை. இதைக் கொண்டு போடு என்பது உரிமையுடையோன் கூற்று என்று நான்காவதாக ஒரு விதி எழுதத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் தெருவில் இரப்பவர் சொல்வதும் ‘பிச்சை போடுங்க’ என்பதே. தாய் சோறு போடுவதும் அவ்வினையாலேயே. ஆகவே வேரைக் கொண்டு முடிவு செய்வது பிழை.

வேறுபாடு வினையின் வேரில் இல்லை, வாக்கிய அமைப்பில் உள்ளது. இரப்பவரின் போடு ஏவலாக மட்டுமே வரும். ரேஷன் கடையின் போடு, எதிர்மறை வினாவாக வரக்கூடியது: ‘ஏன் போடவில்லை?’ பிச்சை இடாதவரை ஏன் இடவில்லை என்று இரப்பவர் கேட்பதில்லை. கேட்டால் அது மொழிமரபுக்கே புறம்பாகத் தோன்றும். ‘ஏன்’ என்பதும் எதிர்மறையும் சேர்ந்து வரவேண்டுமானால், தரப்பட்டிருக்க வேண்டும் என்னும் முற்கோள் கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். எனவே ஒரு திட்டம் உரிமையாகிவிட்டதா என்பதற்கு ஒரு மொழிச்சோதனை வைக்கலாம்: அதைப் பெறுபவர், தருபவரின் முகத்துக்கு நேரே, ‘ஏன் ...வில்லை?’ என்னும் வாக்கியத்தைச் சொல்ல முடிகிறதா? ஆய்வாளரின் உதவித்தொகை இச்சோதனையில் தேறுகிறது. ரேஷன் அரிசி தேறுகிறது. முதியோர் ஓய்வூதியம், பெறத் தொடங்கிய பின் அரைகுறையாகத் தேறுகிறது; பெறுவதற்கு முன் தேறுவதில்லை.

ரேஷன் தேறியதற்கு மக்களின் துணிவு மட்டும் காரணமன்று. 1997இல் மத்திய அரசு இலக்குசார் பொது விநியோக முறையைக் கொண்டுவந்து, வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் எனக் குடும்பங்களைப் பிரித்தபோதும், தமிழ்நாடு அனைவர்க்குமான முறையையே தொடர்ந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் இங்கு நடைமுறைப்படுத்தியபோதும் அது கைவிடப்படவில்லை. குடும்ப அட்டை இருந்தால் போதும். தான் ஏழை என்று யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. எழுதித்தர வேண்டாத இடத்தில் மனுவின் தமிழும் இல்லை.

வள்ளுவரின் அதிகார வைப்பில் ஈகைக்கு முன் ஒப்புரவறிதல் நிற்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஈகை வறியார்க்குத் தருவது என்று வரையறுக்கப்படுகிறது. பெறுபவர் வறியர் என்பது அங்கு முன்தேவை. ஒப்புரவில் அத்தேவை இல்லை. அங்கு வரும் உவமைகள் கைம்மாறு கருதாத மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகிப் பயன்படும் மரம் என்பன. ஊருணியில் நீர் முகப்பவரை யார் என்று யாரும் கேட்பதில்லை. பரிமேலழகர் முதலானோர் ஒப்புரவை உலகநடை அறிந்து செய்தல் என விளக்கி, செல்வர்க்குரிய இல்லறக் கடமையாகக் கொள்வர். அரசின் கொள்கையாக அதை விரிப்பது நம் காலத்துப் பொருத்தமே தவிர வள்ளுவர் கருத்தென்று துணிய இயலாது. ஆயினும் அனைவர்க்குமான திட்டம், தேர்ந்தெடுத்தோர்க்கான திட்டம் என்று கொள்கை ஆய்வாளர்கள் பிரித்துப் பேசுவதற்கு, ஒப்புரவு, ஈகை என்னும் இணை தமிழில் ஆயத்தமாக உள்ளது.

வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்தும் முறை வந்தபின் வினைகள் மீண்டும் மாறின. முன்பு ஓய்வூதியம் மணியார்டராக வந்தது. தபால்காரர் கொடுத்தார், அவருக்குச் சில்லறை தரும் வழக்கமும் இருந்தது. இப்போது ‘ஆயிரம் ரூபாய் வந்துடுச்சா?’, ‘அக்கவுண்டுல ஏறிடுச்சு’ என்பவையே கேட்கும் தொடர்கள். பணமே எழுவாய், தருபவர் வாக்கியத்தில் இல்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் வைத்து, தருசொல்லும் வருசொல்லும் தன்மை முன்னிலைக்கு உரியன, ஏனை இரண்டும் படர்க்கைக்கு உரியன என்கிறார். தரவும் வரவும் ஒரே இடத்தை நோக்கியவை. தரவில் தருபவர் உண்டு, வரவில் அவர் இல்லை. தரவு வரவாக மாறியது நன்றிக்கடனைத் தளர்த்தியது எனலாம்.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. தானாக வந்த பணம் தானாகவே நின்றும்போகிறது. ‘பணம் நின்னுபோச்சு’ என்பார்கள். அரசுக் கடிதத்திலோ ‘நிறுத்தப்பட்டது’ என்றிருக்கும். முன்னது தன்வினை, பின்னது செயப்பாட்டுவினை. இரண்டிலும் நிறுத்தியவர் இல்லை. தருபவர் மறைந்ததால் நன்றி சொல்ல ஆளில்லை, நின்றுபோனால் ‘ஏன்’ என்று கேட்கவும் ஆளில்லை. விரல்ரேகை பதியாதது, ஆதார் எண் இணையாதது போன்ற காரணங்கள் இருக்கலாம். அவற்றை அந்த மூதாட்டிக்கு அவருடைய தமிழில் சொல்லும் பொறுப்பு எந்த வினைமுற்றிலும் இல்லை.

இலவசம், விலையில்லா, உரிமை

பெயர்மாற்றத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காணலாம். மதிய உணவு 1982இல் சத்துணவாயிற்று. நேரத்தைக் குறித்த பெயர் தரத்தைக் குறித்த பெயராகி, மக்கள் வழக்கிலும் அவ்வாறே நிலைத்தது. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளியாயினர். 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சி ‘இலவச’ என்னும் அடையுடன் வந்தது. 2011க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி, அரிசி ஆகியவை ‘விலையில்லா’ என்னும் அடை பெற்றன. இத்தகைய வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013 ஜூலை 5 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் ‘கட்டணமில்லா’ப் பயணம் வந்தது. விலையில்லா, கட்டணமில்லா என்னும் எதிர்மறைப் பெயரெச்சங்கள் இலவசம் என்ற சொல்லின் இழிவை நீக்க முயன்றவை. ஆனால் எது இல்லை என்பதையே அவையும் சொல்கின்றன, பெறுபவர் யார் என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்ல வந்த சொல் உரிமை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், தொடக்கத்தில் ஏறத்தாழ 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளித்தது. மகளிரின் ஊதியமற்ற வீட்டுழைப்புக்கான ஏற்பாக இது விளக்கப்பட்டது. காப்பியங்களிலும் பழைய உரைகளிலும் ‘உரிமை மகளிர்’ என்றால் அரசனுக்கு உரிய மனைக்கண் மகளிர். உரிமை என்பதே மனைவியைக் குறித்ததும் உண்டு. பெண்ணே ஒருவனின் உரிமையாக இருந்த தொடர், சொல்வரிசை மாறி, பெண்ணுக்குரிய உரிமை என்றானது சொற்பொருள் வரலாற்றில் சிறிய நிகழ்வன்று.

ஆனால் திட்டத்தின் விதிகள் உதவியின் தமிழிலேயே எழுதப்பட்டவை. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். தொடக்கத்தில் நான்கு சக்கர வாகனம் இருத்தல் கூடாது என்றும் இருந்தது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர். வறியார்க்கே தருதல் என்னும் ஈகையின் வரையறையை இவை நினைவூட்டுகின்றன. வீட்டுழைப்புக்கான ஏற்பு என்றால், மின்கட்டணம் மிகுந்த வீட்டில் சமைப்பவரின் உழைப்பு ஏன் உழைப்பாகவில்லை என்று கேட்கலாம். நிதியின் எல்லை என்பதே நேர்மையான விடை. அவ்விடையை நான் குறைத்து மதிக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் உதவியைப் பெறும் உரிமையை, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டே பேசுகிறது. உதவி, உரிமை என்னும் இரு சொற்களையும் ஒரே தொடரில் இணைத்து, உதவி பெறுவதே உரிமை என்று சொல்லும் அவ்வுறுப்பு, 37ஆம் உறுப்பின்படி நீதிமன்றத்தால் செயற்படுத்தத்தக்கதன்று என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இடர் மிகுந்த இடம் வேறொன்று. முதியோர் ஓய்வூதியமோ கைம்பெண் ஓய்வூதியமோ தாமே பெறும் பெண், உரிமைத் தொகைக்குத் தகுதியற்றவர் ஆனார். அதாவது உதவி பெறுபவர்க்கு உரிமை இல்லை. பெறும் தொகை கூடுதல் என்பதால் இழப்பில்லை என வாதிடலாம். கணக்கில் அது சரியே. சொல்லில் அது சரியன்று. முதியவருக்குத் தரப்படுவது முதுமைக்காக, பெண்ணுக்குத் தரப்படுவது வீட்டுழைப்புக்காக என்றால், ஒன்று மற்றொன்றை விலக்கக் காரணமில்லை. விலக்கியதால், இரண்டுமே வறுமைக்காகத் தரப்படுபவை என்பதை விதி ஒப்புக்கொண்டுவிட்டது.

எனினும் இத்திட்டத்தில் உரிமை என்னும் சொல் வெறும் அணியாக நின்றுவிடவில்லை. விண்ணப்பம் ஏற்கப்படாதவர்க்குக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது. மேல்முறையீடு என்னும் சொல் மனு என்பதிலிருந்து வேறானது. முறை என்பது நீதி. முறையிடுதல் நீதி கேட்டல். கருணை கூர்தலும் தாழ்மையும் அதற்குத் தேவையில்லை. இதற்கு இணையாக, 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், கேட்டவர்க்குப் பதினைந்து நாளுக்குள் வேலை தராவிடில் வேலையில்லாக் காலப் படி தரவேண்டும் என வகுத்தது. அச்சட்டத்தின் நீண்ட பெயரை மக்கள் கைவிட்டு ‘நூறு நாள் வேலை’ என்றே வழங்கியதில், உரிமையின் அளவை எண்ணாகவே நினைவில் வைத்துக்கொண்ட கூர்மை உள்ளது. எண் தெரிந்தால், ‘ஏன் இன்னும் தரவில்லை?’ என்று கேட்க முடியும்.

முதியோர் ஓய்வூதியத்துக்கு இத்தகைய எண்ணோ, பரவலாக அறியப்பட்ட முறையீட்டு வழியோ மக்கள் வழக்கில் இல்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ‘ஓ.ஏ.பி.’ என்று ஊர்தோறும் அது அழைக்கப்படுவது, தமிழ்ப் பெயர்கள் இரண்டும் மக்களிடம் வேரூன்றவில்லை என்பதைக் காட்டுகிறது. கட்டுமானம் முதலிய தொழில்களுக்கான நலவாரியங்களில் பதிவு செய்தவர் ‘உறுப்பினர்’ எனப்படுகிறார்; ஓய்வூதியம் பெறும் முதியவரோ ‘பயனாளி’. உறுப்பினர் கேள்வி கேட்கலாம் என்பது அச்சொல்லிலேயே உள்ளது.

செய்யக்கூடியவை

ஆட்சித்தமிழை ஆராய்வோர் கலைச்சொல் ஆக்கத்தில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியைப் படிவங்களின் வாக்கியங்களுக்கும் தரலாம். முதலாவது, ஓய்வூதிய விண்ணப்பத்தில் ‘ஆதரவற்றவர்’ என்னும் உறுதிமொழிக்கு மாறாக, ‘என் வயது இது, என் மாத வருவாய் இது’ என்னும் இரு கூற்றுகள் போதும். மகனைப் பற்றிய கூற்றைத் தாயிடம் வாங்க வேண்டியதில்லை. விதியே ஆதரவின்மையைக் கோருமாயின், அதைச் சரிபார்ப்பது கிராம நிர்வாக அலுவலரின் வேலையாக இருக்கட்டும். இரண்டாவது, விண்ணப்பத்தின் முடிவு வாய்பாடு அச்சிலேயே ‘எனக்கு ஓய்வூதியம் வேண்டும்’ என்றிருந்தால், கருணையையும் தாழ்மையையும் எழுதித்தர மரத்தடிப் பெரியவரைத் தேடி யாரும் போக வேண்டியிராது. மூன்றாவது, பணம் நிறுத்தப்படும்போது அனுப்பும் செய்தியில் யார் நிறுத்தினார், எதனால், யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பவை செய்வினை வாக்கியங்களில் இருக்க வேண்டும்.

இம்மூன்றுக்கும் கூடுதல் நிதி வேண்டியதில்லை. மனுக்களின் தமிழை மாவட்ட வாரியாகத் தொகுப்பதும், 2023க்குப் பின் எழுதப்பட்ட மேல்முறையீடுகளின் நடையை அவற்றோடு ஒப்பிடுவதும் அடுத்துச் செய்ய வேண்டியவை. ஒரே பெண் ஓய்வூதியத்துக்கு எழுதிய மனுவும், உரிமைத் தொகைக்குச் செய்த மேல்முறையீடும் கிடைக்குமானால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.